நீரிழிவும் நினைவிழிவும்

மயில்மலை எனப் பொருள்படும் மொனராகலையின் சாரலில் இறப்பர் மரங்கள் நிழல் விரிக்கின்றன. வடமேற்கே பதுளைப் பக்கத்து மலைகளைத் தேயிலை போர்த்து நிற்கின்றது. தென்மேற்கே பெல்வத்தையிலும் செவனகலையிலும் கரும்பு விளைகின்றது; 1980களில் எழுந்த சீனி ஆலைகள் அங்கு உள்ளன. இவ்வாறு தேயிலையும் சீனியும் ஒரே மாகாணத்தில் விளைய, அவ்விரண்டையும் ஒரே கோப்பையிற் கலந்து நாளொன்றுக்கு நான்கைந்து முறை அருந்தும் மக்களாக நாம் வாழ்ந்து வருகின்றோம். அக்கோப்பைக்கும் நம் நினைவாற்றலுக்கும் உள்ள தொடர்பினை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, கல்லூரியின் பழம்பெருமை பேசுதல் எளிதென்பதை உணர்ந்தோம். எனினும், பழைய மாணவர் எனப்படுவோருட் பலர் இன்று நடுவயதைக் கடந்தவர். அவர்தம் பெற்றோர் முதுமை எய்தியவர். அவர்கள் இல்லங்களில் வழங்கும் நோயொன்றைப்பற்றி எழுதுதலே பயனுடைத்து எனக் கருதினோம். யாம் வைத்தியர் அல்லேம். உயிரியல் கற்பிக்கும் தொழிலினேம். அறிஞர் ஆராய்ந்து கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவதே எம் பணி. மருந்தின் அளவைக் கூட்டுதலும் குறைத்தலும் வைத்தியர்க்கே உரியன என்பதை முதற்கண் வற்புறுத்துகின்றோம்.

ஒரு கணக்கப்பிள்ளையின் கதை

யாம் அறிந்த முதியவர் ஒருவர் பதுளைப் பகுதித் தோட்டமொன்றிற் கணக்கப்பிள்ளையாக முப்பது ஆண்டு பணிபுரிந்தவர். பெரட்டுக் களத்தில் நின்றால், செக்ரோலைத் திறவாமலே பெயர்களை வரிசையாகச் சொல்வார். எந்த லயத்தில் எந்தக் காம்பராவில் எவர் குடியிருக்கின்றனர், அவர் தந்தை யார், பாட்டனார் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவரா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவரா என்பனவெல்லாம் அவர்க்கு மனப்பாடம். பிறப்புச் சான்று பெறவும், பிரசாவுரிமைப் பத்திரத்துக்கு விவரம் எழுதவும், திருமணத்துக்கு உறவுமுறை பார்க்கவும் தோட்டத்தார் அவர் வாசலுக்கே வந்தனர்.

ஐம்பதாம் வயதளவில் அவருக்குச் சீனி வருத்தம் கண்டது. காலிற் புண் வந்தால் மருந்துண்பார். புண் ஆறினால் விட்டுவிடுவார். அறுபத்தைந்தைக் கடந்தபின் கேட்டதையே மீண்டும் கேட்கத் தொடங்கினார். நகரத்துப் பேருந்து நிலையத்திலிருந்து வீடு திரும்பும் வழி ஒருநாள் தெரியாமற் போயிற்று. "வயது போனால் இப்படித்தான்" என்றனர் வீட்டார். பின்னர் ஒருநாள் காலையில் உண்ட மாத்திரையை மறந்து மறுபடியும் உண்டு, உணவு கொள்ளாது படுத்தவர், வியர்த்து மயங்கிக் கிடந்தார். வைத்தியசாலையில் உயிர் மீண்டது. ஆனால், அதன்பின் அவர் நினைவு முன்போல் இல்லை. பல்கலைக்கழகம் செல்லும் பேரன் ஒருவன், "தாத்தா, உங்கள் பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தவர்?" என்று கேட்டான். முதியவர் நெடுநேரம் அவன் முகத்தைப் பார்த்து, "நீ யார் வீட்டுப் பிள்ளை, தம்பி?" என்றார்.

இக்கதையில் மூன்று பிழைகள் உள. நீரிழிவைக் காலோடும் கண்ணோடும் நின்றுவிடும் நோயெனக் கொண்டது முதற்பிழை. மறதியை முதுமையின் இயல்பென்று விட்டது இரண்டாவது. மறதியுற்ற ஒருவரிடம் மாத்திரைப் பெட்டியை ஒப்படைத்தது மூன்றாவது. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

நோயின் பரப்பு

இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் ஏழு மாகாணங்களில் நிகழ்ந்த ஆய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேர் நீரிழிவுடையர் எனக் கண்டது. அவருள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் அவ்வாய்வில் இரத்தம் சோதிக்கப்படும்வரை தமக்கு அந்நோய் உண்டென்பதையே அறியாதவர். நகரத்தாரில் நூற்றுக்கு 16 பேரும், கிராமத்தாரில் 9 பேரும் நோயுற்றிருந்தனர். பின்னர் 2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடளாவி நடந்த சுகாதார, முதுமை ஆய்வு வளர்ந்தோரில் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு உண்டெனவும், மேலும் 30 பேர் அதன் வாயிலில் நிற்கின்றனர் எனவும் கண்டது. இரண்டு ஆய்வுகளும் கையாண்ட முறைகள் முற்றும் ஒன்றல்ல. எனினும், நோய் பெருகி வருகின்றது என்பதில் ஐயமில்லை.

மறதிநோயைப் பொறுத்தவரையில், றாகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரைச் சோதித்து 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரிடம் அதனைக் கண்டது. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் மறதிநோயுடையர் என 2023ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு கூறுகின்றது. ஆயுள் நீளுந்தோறும் இவ்வெண் கூடும். நீரிழிவும் முதுமையும் ஒருங்கே பெருகும் நாட்டில், இவ்விரண்டிற்கும் இடையே தொடர்பு உண்டா என்னும் வினா வெறும் ஏட்டு வினா அன்று.

பழைய ஐயமும் புதிய சான்றும்

நீரில் இனிப்பிறங்கும் நோயை நம் முன்னோர் மதுமேகம் என்றனர். சரகரும் சுசுருதரும் அதனைக் குறித்துள்ளனர். 1776ஆம் ஆண்டில் மத்தேயு டொப்சன் என்னும் ஆங்கில வைத்தியர் நோயாளியின் சிறுநீரிற் கலந்துள்ளது சர்க்கரையே என நிறுவினார். 1921ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரிற் பாண்டிங்கும் பெஸ்ரும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அதற்கு அடுத்த ஆண்டிலேயே, அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மைல்ஸ், றூட் என்னும் இருவர் நீரிழிவுடையோர்க்கு நினைவும் கவனமும் பற்றிய சோதனைகளை வைத்து, அவர்கள் ஏனையோரினும் பின்தங்குதலைக் கண்டு எழுதினர். ஆகவே, இவ்வையம் நூறாண்டுப் பழமையுடையது.

மறதிநோயின் தலையாய வகைக்குப் பெயர் தந்த அலோயிஸ் அல்சைமர் என்னும் செருமானிய வைத்தியர் தம் நோயாளி ஒருவரின் மூளையிற் கண்ட மாறுதல்களை 1906ஆம் ஆண்டில் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். அக்காலத்தில் அவருடைய நோயும் இன்சுலினும் ஒரு நூலின் இரு முனைகள் என எவரும் எண்ணியிலர்.

ஐயம் சான்றாக மாறியது அண்மைக் காலத்தில்தான். ஒல்லாந்தின் றொட்டர்டாம் நகரில் 55 வயதுக்கு மேற்பட்ட 6,370 பேரைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வு 1999ஆம் ஆண்டில் வெளிவந்தது. நீரிழிவுடையார்க்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏனையோர்க்கு உள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என அது கண்டது. 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாற்றில் நகர்ப் பகுதி முதியோர் 2,067 பேர் பற்றிய ஆய்வு இன்னொரு படி மேற்சென்றது. நீரிழிவு என்று பெயரிட முடியாத அளவினரிடத்தும், குருதியிற் குளுக்கோசு உயர உயர மறதிநோயின் வாய்ப்பும் சிறிது சிறிதாக உயர்தலை அது காட்டிற்று.

நமக்கு மிகவும் வேண்டிய பாடம் இலண்டனிலிருந்து வந்தது. அங்கு அரசாங்க உத்தியோகத்தர் பதினாயிரம் பேரை 1985ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து நோக்கி வந்த ஆய்வாளர், 2021ஆம் ஆண்டில் ஒரு முடிவினை வெளியிட்டனர். நீரிழிவு எந்த வயதில் வந்தது என்பதே முதன்மையானது என்பது அம்முடிவு. எழுபது வயதுடையோரை ஒப்புநோக்கியபோது, அறுபதுக்கு முன்னரே நீரிழிவு கண்டோர்க்கு மறதிநோயின் வாய்ப்பு இருமடங்கிற்கு மேற்பட்டிருந்தது. அறுபத்தைந்துக்குப் பின் கண்டோரிடத்து அத்தகைய பெரும் வேறுபாடு காணப்படவில்லை. நீரிழிவு ஐந்தாண்டு முந்தி வரவர அபாயமும் கூடுகின்றது. ஆதலால், நாற்பது வயதினர்க்கு இது பாட்டனாரின் கதையன்று, அவர்தம் கதையேயாம்.

எங்ஙனம் நிகழ்கின்றது?

மூளை உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உடையது. ஆயினும், ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கினை அது கொள்கின்றது. நாளொன்றுக்கு அது எரிக்கும் குளுக்கோசு ஏறத்தாழ 120 கிராம். சேமித்து வைக்கும் களஞ்சியம் அதற்கு இல்லையென்றே சொல்லலாம். குருதி கொணர்வதையே நம்பி வாழ்கின்றது. எனவே, குருதியிற் சீனி மிகினும் குறையினும் முதலில் வருந்தும் உறுப்புக்களுள் மூளையும் ஒன்று.

கேட்டின் வழிகள் பல. முதலாவது குருதிக்குழாய் வழி. ஆண்டுக்கணக்கில் மிகுந்து நிற்கும் குளுக்கோசு நுண்ணிய குழாய்களின் உட்சுவரைத் தடிக்கச் செய்கின்றது. கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் இது நிகழ்தலை நாம் அறிவோம். அதே குழாய்கள் மூளையிலும் உண்டு. பெரிய பக்கவாதம் வந்தால் எவர்க்கும் தெரியும். எள்ளளவு இடத்திற் குருதி தடைப்பட்டாலோ நோயாளிக்கே தெரிவதில்லை. அவ்வாறான சிறு தழும்புகள் பல சேர்ந்து சிந்தனையின் வேகத்தைக் குறைக்கின்றன. மலைத் தோட்டத்துப் பாதை ஒவ்வொரு மழைக்கும் சிறிது சிறிதாக அரிபட்டு, ஒருநாள் லொறி ஏற முடியாதவாறு ஆவதை நாம் கண்டிருக்கின்றோமல்லவா? அதனை ஒத்தது இது.

இரண்டாவது இன்சுலின் வழி. கணையம் என்னும் சதையி சுரக்கும் இன்சுலின் தசைக்கும் ஈரலுக்கும் மாத்திரம் உரியதன்று. நினைவுகளைப் பதிக்கும் மூளைப் பகுதியிலும் அதனை ஏற்கும் வாயில்கள் உள்ளன. உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கும் நிலை மூளையிலும் நேரலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். அன்றியும், இன்சுலினைச் சிதைக்கும் நொதியமொன்று, அல்சைமர் நோயில் மூளையிற் படியும் அமிலோயிட்டுப் புரதத்தையும் சிதைக்க வல்லது. இன்சுலின் மிகுந்துவிடின் அந்நொதியம் அதனோடு போராடிப் புரதத்தை விட்டுவிடுகின்றது என்பர் சிலர். இதுகொண்டு அல்சைமர் நோயை 'மூன்றாம் வகை நீரிழிவு' என அழைத்தாரும் உளர். வைத்திய உலகம் அப்பெயரை முற்றாக ஏற்றுக்கொள்ளவில்லை. நீரிழிவுடையோர் இறந்தபின் மூளையைச் சோதித்த ஆய்வுகள் பலவற்றிற் குருதிக்குழாய்ச் சேதமே மிகுந்து காணப்பட்டது. அமிலோயிட்டுப் படிவு மிகுந்திருக்கவில்லை. ஆதலால், முதல் வழி உறுதியானது, இரண்டாம் வழி ஆராய்ச்சிக்குரியது என்று கொள்வதே முறை.

இவற்றோடு, மிகுந்த சீனி புரதங்களோடு ஒட்டி அவற்றை விறைப்பாக்குதலும், நீரிழிவுடையாரிடத்து உயர் குருதியமுக்கமும் கொழுப்பும் கூடி நிற்றலும் சேர்கின்றன. எனவே, தனி ஒரு குற்றவாளியைத் தேடுதல் வீண்.

தாழ்ந்த சீனியின் தீங்கு

மிகுந்த சீனி தீதெனின், அதனை இயன்றமட்டும் தாழ்த்துதல் நன்றன்றோ என வினவலாம். அவ்வாறன்று. வட கலிபோனியாவில் நீரிழிவுடைய முதியோர் 16,667 பேரை நோக்கி 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் அளவிற்குச் சீனி தாழ்ந்தோர் நிலையை ஆராய்ந்தது. அவ்வாறு மும்முறையோ அதற்கு மேலோ வீழ்ந்தோர்க்கு மறதிநோயின் வாய்ப்பு, ஒருமுறையும் வீழாதோர்க்கு உள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எனக் கண்டது. நம் கணக்கப்பிள்ளை இரட்டை மாத்திரை உண்டு வீழ்ந்த நாளை ஈண்டு நினைவுகூர்க.

2011ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், நீரிழிவுடையோர் ஏறத்தாழ மூவாயிரம் பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரது சீனியைக் கடுமையாகத் தாழ்த்தியும், மறுபிரிவினரதை அளவாகத் தாழ்த்தியும் நாற்பது மாதம் நோக்கினர். கடுமையாகத் தாழ்த்தியோரின் மூளை சிறிது குறைவாகவே சுருங்கியிருந்தது. எனினும், நினைவுச் சோதனையில் இரு பிரிவினரும் ஒரே நிலையினரே. அவ்வாய்வைத் தன்னுட் கொண்ட பெரிய ஆய்விற் கடுஞ்சிகிச்சை பெற்றோரிடை இறப்பு மிகுந்தமையால், அப்பகுதியை 2008ஆம் ஆண்டிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இதனாற் பெறப்படுவது யாது? நோய் முற்றியபின் விரைந்து தாழ்த்துதல், முன்னரே அளவிற் காத்தலுக்கு ஈடாகாது. இளையோர்க்கு இறுக்கமும், தளர்ந்த முதியோர்க்குச் சற்றுத் தளர்வும் ஆகச் சீனியின் இலக்கை வைத்தியர் வகுப்பது இதுபற்றியே.

ஒருவர் திடீரென வியர்த்து, நடுங்கி, பொருந்தாது பேசுவாராயின், சீனி தாழ்ந்ததோ என ஐயுற்று, அறிவோடு இருக்கும்போதே சீனி கரைத்த நீரைக் கொடுத்தல் வேண்டும். அறிவிழந்து கிடப்பவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

எல்லா மறதியும் ஒன்றல்ல

திறப்பை வைத்த இடத்தை மறந்து பின்னர் நினைந்து எடுத்தல் எவர்க்கும் இயல்பு. திறப்பு எதற்கு என்பதை மறத்தல் இயல்பன்று. கேட்டதையே கேட்டல், பழகிய வழியைத் தவறுதல், மிச்சக் காசைக் கணக்கிட இயலாமை, நாற்பதாண்டு சமைத்த கறியின் பக்குவம் தவறுதல், காரணமின்றி ஐயமும் சினமும் கொள்ளுதல் என்பன வைத்தியரிடம் செல்லவேண்டிய அடையாளங்கள்.

ஈண்டு நம் தோட்டத்து முதியோர்க்குரிய இடர்ப்பாடொன்றையும் சுட்டல் வேண்டும். உலகெங்கும் வழங்கும் நினைவுச் சோதனைகளிற் பல, தேதி கேட்டும், வாக்கியம் எழுதச் சொல்லியும், படம் வரையச் சொல்லியும் நடப்பன. பள்ளிக்கூட வாசலையே மிதியாத மூதாட்டி ஒருவர் இவற்றில் தவறினால் அது மறதிநோய்க்குச் சான்றாகாது. அவர் எத்தனை கிலோ கொழுந்து பறித்தார், எந்த மலையில் எந்த மாதம் கவ்வாத்து வெட்டினர், மாரியம்மன் திருவிழாவுக்கு எந்த வீட்டார் என்ன செய்யும் முறை என்பன அவரது பாடநூல். அப்பாடத்தில் அவர் தடுமாறத் தொடங்கினால் அதனை அறியவல்லார் வீட்டாரே. ஆதலின், வைத்தியரிடம் முதியவரைத் தனியே அனுப்பாது, உடனுறைவார் ஒருவர் சென்று கண்டதைச் சொல்லுதல் இன்றியமையாதது.

தீர்க்கத்தக்க மறதிகளும் உண்டு. நீரிழிவுக்குப் பெரிதும் வழங்கும் மெற்போமின் மாத்திரையைப் பல்லாண்டு உண்போரிற் சிலர்க்கு விற்றமின் பீ 12 குறைகின்றது. அக்குறை நினைவையும் நரம்பையும் தாக்கும். விற்றமினைக் கொடுத்தால் பெரும்பாலும் திருந்தும். தைரொயிட்டுச் சுரப்பியின் குறையும், நெடுநாள் மனச்சோர்வும் மறதிபோலத் தோன்றும். காது கேளாமையும் அவ்வாறே. கேளாததை மறந்தார் எனப் பிறர் கொள்வர். எனவே, மறதி கண்டவுடன் 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' எனக் கைவிடுதல் அறியாமை. அதுபோலவே, எவரையும் கேளாது மெற்போமினை நிறுத்துதலும் அறியாமையே.

நம் மண்ணின் ஏதுக்கள்

நீரிழிவு சீனி உண்பதனால் மாத்திரம் வருவதன்று. பரம்பரை, உடற்பருமன், உழைப்பின்மை, மாப்பொருள் மிகுந்த உணவு எனப் பல கூடி வருவது. இவற்றோடு, நம் தோட்டங்களுக்கு நெருங்கிய ஏது ஒன்றுண்டு. 1992ஆம் ஆண்டில் கேல்ஸ், பாக்கர் என்னும் ஆங்கில ஆய்வாளர் இருவர், தாய் வயிற்றிலேயே ஊட்டங் குறைந்து எடை குறைவாய்ப் பிறந்தோர்க்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி என்னும் கருத்தினை வெளியிட்டனர். பஞ்சத்துக்கெனச் சிக்கனமாய் அமைந்த உடல், நிறைவு வந்தபோது அதனைத் தாங்கமாட்டாது என்பது அதன் சாரம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகைச் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வளர்ச்சி குன்றியோர் நாட்டில் நூற்றுக்கு 17 ஆக, தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 ஆக இருந்தனர். கூடை சுமந்து மலையேறிய பாட்டியின் உடலுக்குக் கோதுமை மா ரொட்டியும் இனிப்புத் தேநீரும் விறகாயின, எரிந்து போயின. அதே உணவை உண்டு, கடையிலோ கந்தோரிலோ அமர்ந்திருக்கும் பேரனுக்கு அவையே சுமையாகின்றன.

கல்வியும் இங்கு வந்து சேர்கின்றது. மறதிநோயைத் தடுத்தல் பற்றி ஆராய்ந்த 'லான்செற்' ஆணைக்குழு 2024ஆம் ஆண்டில் மாற்றத்தக்க ஏதுக்கள் 14 எனத் தொகுத்தது. அவையனைத்தையும் நீக்க முடியுமாயின் உலகில் மறதிநோயின் நூற்றுக்கு 45 பங்கு வரைத் தடுக்கலாம் அல்லது பின்போடலாம் என மதிப்பிட்டது. அவற்றுள் நீரிழிவு ஒன்று. உயர் குருதியமுக்கம், பருமன், உடலுழைப்பின்மை, புகைத்தல், மிகுகுடி, தனிமை, கேளாமை என்பனவும் உள. இளமையிற் கல்வி குன்றுதலும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றது. கற்ற மூளை இடர் வந்தபோது மாற்றுவழி காணும் வன்மை உடையது என்பர். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பரவலாக ஏற்றது 1970களிலேதான். அதற்கு முற்பட்டோர்க்குக் கிட்டாதது எழுத்து மாத்திரமன்று; முதுமைக்கு ஒரு காப்பும் கிட்டாது போயிற்று. பாடசாலையை இடையில் விட நினைக்கும் மாணவர்க்கு இதனினும் வலிய அறிவுரை யாம் அறியோம்.

செய்யத்தக்கன

முதலாவது, அறிதல். இரவு உண்டபின் எட்டு மணி நேரம் உணவின்றி இருந்து காலையிற் சோதிக்கும்போது, குருதிச் சீனி டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் அது நீரிழிவைக் குறிக்கும். மறுமுறையும் சோதித்து உறுதி செய்வர். 2011ஆம் ஆண்டிலிருந்து அரசாங்கம் நிறுவிவரும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இச்சோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். நோய் உளதாயின் கண்ணையும் காலையும் சோதிப்பதுபோல நினைவையும் ஆண்டுக்கொருமுறை வினவுமாறு வைத்தியரைக் கேட்டல் நன்று.

இரண்டாவது, தடுத்தல். சென்னையில் நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு நோக்கி, 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், உணவையும் நடையையும் திருத்தியோரிடத்து நீரிழிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 28 பங்குக்கு மேற் குறைந்தது. மருந்து தந்த பயனும் ஏறத்தாழ அதே அளவினதே. நம் இனத்தாரிடையே நிகழ்ந்த சோதனையாதலின், 'இஃது ஐரோப்பியர்க்கே பொருந்தும்' எனத் தட்டிக்கழித்தற்கு இடமில்லை.

சீனியை நோக்குவோம். ஒரு கோப்பைத் தேநீருக்குத் தேக்கரண்டி இரண்டு எனின் 8 கிராம். ஐந்து கோப்பைக்கு 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் அடங்குதல் நலம் எனக் கூறிற்று. தேநீரிலேயே அவ்வளவைத் தாண்டிவிடுகின்றோம். உள்ளங்கையிற் சிறிது சீனி வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேநீர் அருந்திய பழையோர் வழக்கம் இதனினும் மேல். அச்சிறிதளவும் குறைந்து வருதல் அதனினும் மேல். போத்தற் பானங்களில் 2016ஆம் ஆண்டிலிருந்து வண்ணக்குறி இடப்படுகின்றது. சிவப்பு எனின் நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனி உண்டென்பது பொருள். மாணவர் இவ்வெண்ணை மனங்கொள்க. குரக்கன் நல்லதென்று குரக்கன் ரொட்டியை அளவின்றி உண்பாரும் உளர். குரக்கனும் மாப்பொருளே, அளவே மருந்து. திருவள்ளுவரும் 'மருந்து' என அதிகாரம் வகுத்து, அதில் மூலிகை ஒன்றன் பெயரும் கூறாது, உண்ணும் அளவையே பெரிதும் பேசினார் என்பதைச் சிந்திக்க.

மூன்றாவது, மூளையைப் பேணல். பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு நல்லுணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, குருதியமுக்கமும் சீனியும் நோக்கல் என்பனவற்றை இரண்டாண்டு ஒருங்கே அளித்தனர். பொது அறிவுரை மாத்திரம் பெற்ற மறுபிரிவினரினும் அவர்களது அறிதிறன் மேம்பட்டதாக 2015ஆம் ஆண்டில் அறிவித்தனர். இந்நான்கிற்கும் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. மாலையில் அரைமணி நேர நடையும், கோயில் மண்டபத்துக் கூட்டுப் பாட்டும், பேரனுக்குக் கதை சொல்லலும் நம் ஊரிலும் உள்ளன.

நான்காவது, துணை நிற்றல். மறதி தொடங்கிய முதியவரின் மருந்தைப் பிறர் ஒருவர் பொறுப்பேற்றுக் கொடுத்தல் வேண்டும். காலை, பகல், இரவு என மூன்று சிறு டப்பாக்களில் அன்றன்றைய மாத்திரையை வகுத்து வைப்பினும் போதும். உணவு உண்ணாத வேளையில் என்ன செய்வது என்பதை வைத்தியரிடம் முன்னரே கேட்டு எழுதி வைக்க. நீரிழிவு நினைவைக் குறைக்க, குறைந்த நினைவு நீரிழிவைப் பெருக்கும் வட்டத்தை அறுக்குமிடம் இதுவே.

முடிவுரை

நீரிழிவுடையார் அனைவர்க்கும் மறதிநோய் வரும் என யாம் கூறவில்லை. பெரும்பாலார்க்கு அது வருவதில்லை. மறதிநோய் உற்றோர் எல்லாரும் நீரிழிவுடையர் என்பதும் இல்லை. அபாயம் கூடுகின்றது; அதனைக் குறைக்கும் காலம் முதுமைக்கு முன்னதாகிய நடுவயது. இவ்விரண்டே இக்கட்டுரையின் சாரம்.

எனினும், நம் மக்களிடத்து நினைவின் இழப்பு ஒரு வீட்டின் இழப்போடு நின்றுவிடுவதில்லை. தோட்டத்து மக்களின் வரலாற்றிற் பெரும்பகுதி ஏட்டில் ஏறாதது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் உறவு பிரிந்து, 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் எஞ்சியோர் உரிமை பெறும்வரை, எவர் எந்தக் கப்பலிற் போனார், எவர் எந்த லயத்தில் இருந்தார் என்பவை முதியோர் நெஞ்சிலேயே எழுதப்பட்டுள. அந்நெஞ்சே நமக்குச் செக்ரோல்.

ஆதலால், இம்மலரைப் படிக்கும் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் யாம் வேண்டுவன இரண்டு. வரும் விடுமுறையில் உம் வீட்டு முதியவரை ஒருமுறை சீனி சோதிக்க அழைத்துச் செல்க. நாற்பது வயதைக் கடந்தவராயின் நீரும் உடன் சோதித்துக்கொள்க. திரும்பி வந்தபின் சீனி குறைந்த தேநீரொன்றை அவர்க்குக் கொடுத்து, ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அருகில் அமர்ந்து, "உங்கள் பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தவர்?" எனக் கேட்டு எழுதுக. யாம் மேலே சொன்ன கணக்கப்பிள்ளையின் பேரன் அவ்வினாவைச் சில ஆண்டு முன்னர்க் கேட்டிருந்தால், அவனுக்கு விடை கிடைத்திருக்கும்.